பழைய செங்கல்லோடு ஒட்டாத புதிய சுவர்: வெளிப்புறத்துக்கு எந்தப் பூச்சு பொருந்தும்?

கேள்வி

கோவை வடவள்ளியில் உள்ள எங்கள் வீடு 1990-களின் தொடக்கத்தில் தடாகம் சேம்பர் செங்கல்லால் (அறை அறையான சூளையில் சுட்ட கல்) கட்டப்பட்டது. வெளிச்சுவர்களில் இன்றுவரை பூச்சு இல்லை. கல்லும், கல் இடுக்குகளில் சாந்து தீட்டிய பாயிண்டிங்கும் மட்டுமே. பெற்றோருக்காகப் பின்புறம் ஓர் அறையும் குளியலறையும் இப்போது சேர்த்திருக்கிறோம். தடாகம் பள்ளத்தாக்கின் சூளைகள் 2021-இல் மூடப்பட்டுவிட்டதால் அதே கல் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த கல் வெளிறிய ஆரஞ்சு நிறம். உயரமும் கால் அங்குலம் கூடுதல். பழைய சுவரும் புதிய சுவரும் ஒரே நேர்கோட்டில் சந்திக்கும் மேற்குப் பக்கம், தெருவிலிருந்து பார்த்தாலே உறுத்துகிறது. புதிய கல்லுக்கு நிறமேற்றலாம் என்று ஒருவரும், செங்கல் டைல் ஒட்டலாம் என்று கடைக்காரரும், வீடு முழுவதையும் பூசிப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று கொத்தனாரும் சொல்கிறார்கள். என் தந்தை சூளைக்கே போய்ப் பார்த்து எடுத்த கல் அது; அதை மூட எனக்கு மனமில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி 1 (கட்டடப் பொறியாளர்)

பழைய சுவரை எக்காரணம் கொண்டும் பூச வேண்டாம். முப்பது ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் நல்ல கல்லைப் பூசிவிட்டால், பிறகு கொத்தி எடுக்கும்போது கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்துவிடும். திரும்பிப் போக வழியிருக்காது.

நிறமேற்றுவதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். செங்கல்லின் நிறம் மண்ணில் உள்ள இரும்பாலும் சூளையின் வெப்பத்தாலும் அமைவது. பழைய சுவரில் கல்லுக்குக் கல் இருக்கும் சிறு வேறுபாட்டைத் தூரிகையால் கொண்டுவருவது கடினம். நிறம் ஒத்துப்போனாலும் வரிசைகள் ஒத்துப்போகா. ஒரு கல்லுக்குக் கால் அங்குலம் என்றால் பத்தாவது வரிசையில் இரண்டரை அங்குலம் ஏறியிருக்கும். நிறத்தைவிட இந்தப் படுக்கைக் கோடுகளின் விலகலைத்தான் கண் முதலில் பிடிக்கும். இரண்டையும் ஒன்றாகக் காட்ட முயலாமல், புதிய பகுதிக்கு மட்டும் மண் நிறப் பூச்சு இட்டு, இரண்டுக்கும் நடுவே தெளிவான செங்குத்து இடைவெளி ஒன்றை விடுவதே என் பரிந்துரை. இது வேறு காலத்துக் கட்டுமானம் என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

ஒன்று கேட்க வேண்டும்: புதிய சுவரைப் பழைய சுவரில் பல் வெட்டி, அதாவது வரிசைவிட்டு வரிசை பள்ளம் எடுத்துப் புதிய கல்லை அதில் செருகி, இணைத்திருக்கிறார்களா?

மறுமொழி 2

நிறமேற்றுவதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று தோன்றுகிறது. சிலிகேட் சார்ந்த கனிமச் சாயம் கல்லுக்குள் ஊறிப் பிடிப்பது. பெயிண்ட் போல உரியாது, சுவரின் ஈரம் வெளியேறுவதையும் தடுக்காது. எங்கள் உறவினர் வீட்டில் மதில் சுவரின் ஒரு பகுதிக்கு அப்படிச் செய்து நன்றாகவே அமைந்தது. ஆனால் அங்கே கல்லின் அளவு ஒன்றாக இருந்தது. உங்கள் சுவரில் வரிசையே மாறுவதால் பொறியாளர் சொல்வதுதான் சரி. எதைச் செய்தாலும் பளபளப்பான வார்னிஷ் மட்டும் வேண்டாம். அது மேலே படலமாக மூடிக்கொள்வதால் உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் கல்லின் முகத்தையே செதிளாகப் பெயர்த்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பல் வெட்டவில்லை, புதிய அடித்தளத்தின் மேல் தனியாக எழுப்பி, சந்திப்பைச் சாந்தால் அடைத்திருக்கிறார்கள். அங்கே மயிரிழை போன்ற வெடிப்பு இப்போதே தெரிகிறது. புதிய கல்லில் வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. பூச்சு என்றால் சிமெண்டா, சுண்ணாம்பா?

மறுமொழி 3 (சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்பவர்)

பல் வெட்டாதது நல்லதாயிற்று. பழைய அடித்தளம் இறங்கி அமைந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமையும். அதனால் அந்தச் சந்திப்பில் வெடிப்பு வருவது இயல்பு. அடைத்த சாந்தை எடுத்துவிட்டு, நுரைக் கயிறு செருகி, பாலியூரித்தேன் சீலண்டால் (சுவர் அசைந்தால் இழுபட்டுக் கொடுக்கும் அடைப்புப் பசை) நிரப்புங்கள். கம்பி வலை அடித்து அதன் மேல் பூசலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பூச்சு அந்த இடைவெளிக்கு அரை அங்குலம் முன்பே நேர்விளிம்பாக முடிய வேண்டும்.

உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடும். ஆசிட் ஊற்றினால் இணைப்புச் சாந்து அரிக்கும். உப்பு வருவது நிற்கும்வரை பூச்சைத் தொடங்க வேண்டாம். கோவைக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் என்பதால், அதைக் கடந்து சுவர் உலர்ந்த பிறகு ஜனவரியில் தொடங்குவது பொருத்தம்.

சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த பூச்சையே நான் சொல்வேன். பழைய கல்லின் தூளையே சேர்த்தால், மேலே பெயிண்ட் இல்லாமலே பழைய சுவருக்கு உறவான மங்கிய சிவப்பு கிடைக்கும். மெல்லிய அடுக்குகளாக இட வேண்டும், ஒவ்வோர் அடுக்கும் இறுகக் காத்திருக்க வேண்டும், மேற்கு வெயிலுக்கு ஈரச் சாக்கு கட்ட வேண்டும், கூலியும் கூடும். அந்தச் செலவு இயலாது என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலந்த சாந்து, 15 மி.மீ. கனத்தில் பூசி, ஏழு நாளாவது நீர் விட்டு, ஈரம் வெளியேறவிடும் கனிமப் பெயிண்ட் அடிக்கலாம். எதுவானாலும் சுவரின் ஓரத்தில் ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசி, நன்றாக உலர்ந்த பின் காலை வெளிச்சத்திலும் மாலை வெளிச்சத்திலும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் உலர்ந்தால் மிகவும் வெளிறிவிடும்.