எஞ்சின் லைட், பெட்ரோல் ஆவி: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டை

என் வண்டிக்கு ஒரு விசித்திரமான வியாதி இருந்தது. பெட்ரோல் போட்ட கையோடு சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இழுத்தால்தான் பிடிக்கும், பிடித்தாலும் கொஞ்ச நேரம் உதறும். மற்ற நேரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த பெட்ரோல் ஹேட்ச்பேக். நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது மஞ்சள் எஞ்சின் லைட்டும் சேர்ந்துகொண்டது.

சர்வீஸ் சென்டர் ஒன்றில் ஸ்கேனர் போட்டார்கள். பி 0172 என்ற கோளாறுக் கோடு (code) வந்தது, அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் என்று நீளமாக ஒரு எஸ்டிமேட். பெட்ரோல் போட்ட பிறகு மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன், யாரும் காதில் வாங்கவில்லை.

மேலப்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறை. அவர் அந்தக் கேள்வியில் இருந்துதான் ஆரம்பித்தார். டேங்கில் கிளம்பும் ஆவியை வெளியே விடக்கூடாது என்று கரி நிரப்பிய கேனிஸ்டர் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆவி அந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும், எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டால், டேங்க் நிரப்பும்போது கிளம்பும் ஆவி எல்லாம் ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் நேரே எஞ்சினுக்குள் போகும். அதற்கு மேல் இன்ஜெக்டரும் தன் பங்குக்குப் பெட்ரோல் அடித்தால் எப்படிப் பிடிக்கும்?

சோதித்த விதம் எளிமையானது. ஆறின எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கேனிஸ்டரில் இருந்து வரும் ஹோஸை வால்வில் இருந்து கழற்றி, வால்வின் வாயில் விரலை வைக்கச் சொன்னார். விரலை இழுத்தது. எஞ்சின் சூடேறும் முன் அங்கே இழுப்பே இருக்கக் கூடாதாம். வால்வை மாற்றினோம், முடிந்தது. பம்ப் இன்றைக்கும் பழைய பம்ப்தான்.

அம்பாசமுத்திரம்

நமக்கு நேர்மாறு. லைட்டே வரவில்லை, வாடைதான் வந்தது.

பிசானம் அறுப்பு முடிந்தால் வயல் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் ஏறிவிடும், எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். காலையில் ஷெட்டைத் திறந்தாலே பெட்ரோல் வாடை தூக்கும். கீழே குனிந்து பார்த்தால் ஒரு சொட்டு ஒழுகின தடம் கிடையாது. டேங்குக்கும் கேனிஸ்டருக்கும் நடுவே போகும் ஆவி ஹோஸைக் கடித்து வைத்திருந்தது. இவ்வளவு ஆவி வெளியே போயும் மீட்டரில் ஒரு லைட்டும் இல்லை. அந்த எலியோ அதன் சம்பந்தியோ பர்ஜ் வால்வு ஒயரையும் கடித்த பிறகுதான் எரிந்தது. கோடு பி 0444, வால்வுக்குக் கரண்ட் போகும் வழி அறுந்திருக்கிறது என்று.

ஹோஸ் மாற்றுகிறவர்கள் கையில் கிடைத்த தண்ணீர் டியூபைச் சொருகாதீர்கள். பெட்ரோல் ஆவி பட்டால் அது விறைத்து வெடித்துவிடும். எரிபொருளுக்கென்றே வரும் ஹோஸ் போடுங்கள், கிளிப்பும் புதிது.

ஹூஸ்டன், ஊர் வள்ளியூர்

அம்பை அண்ணாச்சி சொன்னது எனக்குப் புதுசு. இங்கே அந்த ஹோஸ் அளவுக்கு வேண்டாம், குண்டூசித் துளை இருந்தாலே லைட் போட்டுவிடும். அமெரிக்காவில் வண்டி தன் டேங்கைத் தானே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். 1996 மாடலை ஒட்டி வந்தபோது ஒரு மில்லிமீட்டர் துளை வரை கண்டுபிடித்தால் போதும், 2000 வாக்கில் அதை அரை மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டார்கள். பெரிய கசிவு பி 0455, மிகச் சின்னது பி 0456, பெட்ரோல் டேங்க் மூடி சரியில்லை என்றால் பி 0457. இங்கே லைட் எரிந்தால் புகைச் சோதனையில் பாஸ் ஆக முடியாது, அதனால் எல்லாரும் முதலில் மூடியை முறுக்குவார்கள். அப்படியும் லைட் உடனே அணையாது. வண்டி இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும், டேங்க் நிறைந்தும் இருக்கக் கூடாது, வற்றியும் இருக்கக் கூடாது, அப்போதுதான் அந்தச் சோதனையே நடக்கும். எனக்குக் கடைசியில் கேனிஸ்டருக்கு வெளிக்காற்று விடும் வென்ட் வால்வில்தான் கசிவு. ஒர்க்‌ஷாப்பில் குழாய்க்குள் புகை ஏற்றி, எங்கே கசிகிறது என்று காட்டினார்கள்.

கூத்து என்னவென்றால், வள்ளியூரில் அப்பா யூடியூப் பார்த்துவிட்டு லைட் அணைய வேண்டும் என்று மூடி மேல் மூடியாக வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். லைட் எரிந்துகொண்டே இருக்கிறது.

ஆலங்குளம், பட்டறை

தம்பி, அப்பாவிடம் மூடி வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்க. அந்த வீடியோ அந்த ஊர் வண்டிக்கு. நம்ம நாட்டு விதி ஐரோப்பிய வழியில் வந்தது. பிஎஸ் 6 2020 ஏப்ரலில் வந்தபோதும் பர்ஜ் வால்வின் மின் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதைத்தான் குறைந்தபட்சமாகக் கேட்டார்கள், டேங்கில் கசிவு சோதிப்பது கட்டாயம் இல்லை. அதனால் இங்கே ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு மூடி லூசாக இருப்பதே தெரியாது. அம்பை அண்ணாச்சிக்கு வாடை வந்தும் லைட் வராததற்குக் காரணம் அதுதான். மூடியில் வாசர் வெடித்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது வாடைக்கும், மழைத் தண்ணீர் இறங்காமல் இருப்பதற்கும்.

நம்ம பக்கம் ஆவி சம்பந்தமாக லைட் வந்தால் நான் முதலில் பார்ப்பது பர்ஜ் வால்வு, அதன் ஒயர், அதன் ஹோஸ். வால்வு திறந்தே நின்றால் டேங்க் நிறைந்திருக்கும்போது 0172 வரலாம், காலியாக இருக்கும்போது காற்று அதிகம் என்று 0171 கூட வரும். கோடு மாறி மாறி வருகிறது, ஸ்கேனர் பொய் சொல்கிறது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று, வேற இடத்தில் ஸ்கேனரில் கோளாறுக் கோடை அழித்துவிட்டு வண்டியைக் கொண்டுவராதீங்க. லைட் வந்த நேரத்தில் எஞ்சின் சூடு, வேகம், லோடு எல்லாம் உள்ளே பதிந்திருக்கும். அழித்தால் அதுவும் போச்சு. கோளாறு சரியாகிவிட்டால், அடுத்தடுத்து மூன்று ஓட்டத்தில் குறை தெரியாதபோது லைட் தானாக அணையும். லைட் சிமிட்டினால் மட்டும் கதை வேற. அது மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை, ஓட்டாமல் ஓரங்கட்டிவிட வேண்டும்.

வாடை வரும் வண்டிக்கு அடியில் லைட்டரைப் பிடித்துத் தேடுகிற ஆளையும் பார்த்திருக்கிறேன். என்ன சொல்ல!

திசையன்விளை

எங்களுக்குத் தேரி மண்தான் எலி. பங்கில் கன் வைத்தால் கொஞ்சம் ஊற்றுவதற்குள் டக் டக்கென்று கட்டாகும், மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. பங்க் பையன் கன் சரியில்லை என்றான், வேறு பங்கிலும் அதே கதை. கேனிஸ்டருக்கு வெளிக்காற்று போகும் குழாயில் செம்மண் அடைத்திருந்தது. சுத்தம் செய்ததும் கன் ஒழுங்காக ஓடியது. லைட் எங்களுக்கும் வரவில்லை.

ஆலங்குளம், பட்டறை

சரியான இடத்தைப் பார்த்திருக்கீங்க. இதோடு ஒரு பழக்கமும் சேரும். கன் கட்டான பிறகும் "ஐநூறா ரவுண்டு பண்ணிரு" என்று திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்வது. டேங்கில் ஆவிக்கென்று விட்ட இடத்தில் பெட்ரோல் ஏறி கேனிஸ்டருக்குள் போய்விடும். கரி ஊறிவிட்டால் வால்வை மாற்றியும் பிரயோஜனம் இல்லை, கேனிஸ்டரையே மாற்ற வேண்டி வரும். வால்வை விட அது விலை.

பாளையங்கோட்டை

அண்ணாச்சி, வீட்டில் ஒரு பிஎஸ் 6 ஸ்கூட்டர் இருக்கு. அதிலும் இந்தக் கேனிஸ்டர் உண்டா?

ஆலங்குளம், பட்டறை

உண்டு, சின்னதாக. ரவுண்டு பண்ணுவது அதற்கும் ஆகாது. வாட்டர் வாஷ் விடும்போது அதன் காற்றுக் குழாய் வாயில் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.