ஃப்ரிட்ஜ் ராத்திரியில் தடதடக்கிறது, கம்ப்ரசர் போய்விட்டதா?

பாம்பன்_தென்கடல்:
வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், 190 லிட்டர், வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு மாதமாகக் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தாலே தடதடவென்று அதிர்கிறது, நிற்கும்போது ஒரு உதறு உதறிவிட்டு நிற்கிறது. ராத்திரியில் பாலத்தில் ரயில் ஏறினது போல இருக்கும், பிள்ளை அலறி எழுந்துவிடுகிறாள். கூலிங் குறையவில்லை. பார்க்க வந்தவர் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் கம்ப்ரசர் மாற்ற ஆறாயிரம் ஆகும் என்றார். மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை போட் கரையில்தான். நானே ஏதாவது செய்ய முடியுமா? போட் இன்ஜின் வேலை தெரியும், ஸ்பானர் இருக்கிறது.

கீழக்கரை_மெக்கானிக்:
தம்பி, கூலிங் நன்றாக இருக்கும்போது கம்ப்ரசரில் கை வைக்க விடாதீர்கள். நம் கரையில் முதலில் போவது அதைத் தாங்குகிற பொருள்கள்தான், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பு எங்கெல்லாம் ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஃப்ரிட்ஜ் ஓடும்போது பின்பக்கக் கம்பி கிரில்லை உள்ளங்கையால் அழுத்துங்கள் (சூடாக இருக்கும், துணி வைத்துக்கொள்ளுங்கள்), சத்தம் நின்றால் அதைப் பிடித்திருக்கிற ஸ்க்ரூ துருப்பிடித்துக் கழன்றிருக்கிறது. அடுத்து கம்ப்ரசருக்கு மேலே இருக்கிற தண்ணீர் டிரேயை அமுக்கிப் பாருங்கள். செம்புக் குழாய் எங்காவது தகரத்தில் உரசினால் இடையில் சைக்கிள் டியூப் துண்டு வையுங்கள், குழாயை மட்டும் வளைக்கக் கூடாது. இதிலெல்லாம் நிற்கவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்ரசரின் நான்கு கால் ரப்பர்களையும் பாருங்கள். நிற்கும்போது உதறுகிறது என்கிறீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம்.

கேஸ் பக்கம் போகவே வேண்டாம். லேபிளில் ஆர் 600ஏ என்று இருந்தால் அது தீப்பிடிக்கிற கேஸ், பக்கத்தில் பற்றவைப்பு வேலையெல்லாம் கூடாது.

ராமேஸ்வரம்_அக்கா:
எங்களுடையது இரட்டைக் கதவு, அதில் கதை வேறு. ஃப்ரீசருக்குள் இருந்து டக்டக் என்று வரும், கதவைத் திறந்தால் நின்றுவிடும். உள்ளே இருக்கிற ஃபேன் இறக்கையில் ஐஸ் தட்டியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்து வைத்தேன், நின்றது, பத்து நாளில் திரும்ப வந்தது. பிறகுதான் ஐஸை உருக்குகிற ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று தெரிந்து மாற்றினோம். யாரும் கத்தியால் ஐஸைக் குத்தாதீர்கள், என் நாத்தனார் குத்தி ஓட்டை விழுந்து கேஸ் அவ்வளவும் போய்விட்டது.

பாம்பன்_தென்கடல்:
மெக்கானிக் காக்கா (அண்ணன்), நீங்கள் சொன்னதுதான். கிரில்லை அழுத்தினேன், டிரேயை அமுக்கினேன், மாற்றமே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்க ரப்பர் இரண்டும் புளியங்கொட்டை மாதிரி இறுகிப் போயிருந்தன, நகத்தால் கீறினால் கறுப்புப் பொடியாக உதிர்கிறது. ஒன்றில் போல்ட் தலையே இல்லை, துருவாகத் தரையில் கிடந்தது. ராமநாதபுரம் போய் நான்கும் வாங்கி வந்தேன். குழாய் இழுபடாமல் மச்சான் மரக்கட்டையை வைத்து ஒரு விரல் உயரம் மட்டும் நெம்பிப் பிடிக்க, ஒவ்வொன்றாக மாற்றினேன், போல்ட்டும் புதுசு. இப்போது பக்கத்தில் காதை வைத்தால்தான் ஓடுவது தெரிகிறது. பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள், உங்களுக்கு ரொம்ப நன்றி. அடித்தகட்டிலும் துரு இருக்கிறதே, அதை என்ன செய்வது?

கீழக்கரை_மெக்கானிக்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தகட்டைக் கம்பி பிரஷால் தேய்த்து, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் போட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு மிச்சம் இருந்தால் ஒரு கை பூசுங்கள். போல்ட்டுக்குக் கிரீஸ். ரப்பரில் மட்டும் கிரீஸ் படக் கூடாது, ஊறிப்போகும்.