இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஒரே ஒரு தடவை கரண்ட்

கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் எங்கள் பக்கம் ‘கரண்ட்’ என்போம். ‘கரண்ட் வைக்கணும்’ என்றால் புற்றுநோய் என்றுதான் அர்த்தம். அதனால் போன ஆடியில் மச்சானுக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் அப்படிச் சொன்னதும் அத்தை பதறிவிட்டார். “ஏனுங்க, பையனுக்கு வேற நோவு ஏதாச்சுமுங்களா?”

காங்கேயம் ரோட்டில் கார் விபத்து. முழங்கால் டேஷ்போர்டில் மோதிய வேகத்தில் தொடை எலும்பின் பந்து பின்னால் நழுவி, அது உட்காரும் கிண்ணத்தின் பின்சுவர் உடைந்துவிட்டது. பின்பக்கமாகத் திறந்து பிளேட் வைத்தார்கள். அப்படித் திறந்தால் சுற்றியுள்ள சதைக்குள் எலும்பு வளர வாய்ப்பு அதிகமாம். தலையிலும் அடிபட்டிருந்தால் இன்னும் அதிகம். மச்சானுக்கு இரண்டும்.

எலும்பு கூடட்டும் என்றுதானே ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிறோம், வளர்ந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். சதையில் இருக்கும் சில செல்கள் எலும்புச் செல்களாக மாறி மூட்டைச் சுற்றி இறுகிவிட்டால் இடுப்பு மடங்காது என்றார். மாறுவதற்குள் கதிர் பட வேண்டும். அதற்கு ஆபரேஷன் முடிந்து 72 மணி நேரம்தான் கெடு. இப்படி எலும்பு வளராமல் தடுக்க இண்டோமெதசின் என்ற வலி மாத்திரையும் உண்டு. ஆனால் மச்சானுக்குக் கால் எலும்பும் உடைந்திருந்தது. அது கூடாமல் போகலாம் என்று மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரியில் மெஷின் இல்லை. தையல் காயாத ஆளை ஆம்புலன்ஸில் கோவைக்குக் கொண்டுபோனதுதான் நிஜமான சிகிச்சை என்பேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் மச்சான் என் கையை நசுக்கினார். மெஷினில் படுத்ததோ சில நிமிஷம். கதிரின் அளவை ‘கிரே’ என்று சொல்கிறார்கள். மச்சானுக்கு 7 கிரே, ஒரே தடவை. புற்றுநோய்க்கு வாரக்கணக்கில் 50, 60 கிரே வரை போகுமாம். குழந்தை பிறப்பதைப் பற்றிக் கேட்க அத்தைக்குக் கூச்சம், என்னைத் தள்ளிவிட்டார். விதைப்பையை மறைத்துத்தான் வைப்போம் என்றார்கள். பிற்காலத்தில் புற்றுநோய் வருமா என்றதற்கு, இந்த அளவுக்கு ஆபத்து மிகக் குறைவு, இருந்தாலும் இளவயதுக்காரர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்போம் என்றார்கள். மழுப்பாமல் சொன்னது பிடித்திருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்:
எங்கள் சித்தப்பாவுக்கு மருந்தும் இல்லை, கரண்டும் இல்லை. யாரும் சொல்லவே இல்லை. மூன்றாம் மாதம் இடுப்பு இறுகியது. சோம்பலில் நடக்க மாட்டேன் என்கிறார் என்று நாங்களே திட்டினோம். எக்ஸ்ரேயில் பார்த்தால் தொடையிலிருந்து இடுப்புவரை எலும்புப் பாலம். வளர்ந்த எலும்பு முற்றட்டும் என்று ஒரு வருஷம் காத்திருந்து வெட்டி எடுத்தார்கள். அந்தத் தடவை ஆபரேஷனுக்கு முந்தின நாளே கரண்ட் வைத்துவிட்டார்கள்.

ஈரோட்டிலிருந்து:
அப்பாவுக்கு ஆறு வாரம் இண்டோமெதசின்தான். வயிற்றெரிச்சலில் தினமும் ரகளை. உங்கள் மச்சான் இப்போது எப்படி இருக்கிறார்?

முதலில் எழுதியவர்:
ஆறாம் மாத எக்ஸ்ரேயில் மிளகளவு ஒரு துணுக்கு தெரிந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். பட்டிப் பொங்கலன்று கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டார், எழுந்திருக்க மட்டும் என் தோள் வேண்டியிருந்தது.