பச்சைப் பால் கேட்கிறார், பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி (கல்லிடைக்குறிச்சி)

வீட்டில் இரண்டு கறவை மாடு. காலையில் ஏழு லிட்டர், சாயங்காலம் நாலு. தெருவில் ஆறு வீட்டுக்கு ஊற்றுகிறேன். எல்லாரும் பொங்கக் காய்ச்சித்தான் குடிப்பார்கள்.

போன மாதம் தெருவுக்குப் புதிதாக வந்த தம்பி தூக்குவாளியோடு தொழுவத்துக்கே வருகிறார். கறந்த சூட்டோடு அப்படியே குடிக்கிறார். "காய்ச்சினா சத்து போயிரும் அக்கா, என் உடம்பு, என் இஷ்டம்" என்பார். நானும் ஒன்றும் சொன்னதில்லை. நேற்று மூன்று வயது மகளைக் கூட்டிவந்து, அவளுக்கும் ஒரு டம்ளர் கேட்டார். நுரை தளும்பிய டம்ளரை நீட்டப்போன கை நின்றுவிட்டது. "வீட்ல காய்ச்சிக் கொடுங்க தம்பி" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான் செய்தது தப்பா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில் 1 (பேட்டை)

அக்கா, காய்ச்சாத பால் விற்க இங்கே தடை இல்லை. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய். சொசைட்டி உறுப்பினராகிப் பால் முழுவதையும் அங்கேயே ஊற்றுகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். அமெரிக்காவில்தான் கெடுபிடி. பச்சைப் பாலைக் குடிப்பதற்கென்று மாநிலம் விட்டு மாநிலம் விற்க 1987 முதல் தடை.

பதில் 2 (களக்காடு)

நீங்கள் செய்தது சரி அக்கா. எங்கள் அப்பா தொழுவத்திலேயே பச்சையாகக் குடிப்பார். ஒரு வருஷம் சாயங்காலமானால் காய்ச்சல், விடியும்போது பனியன் பிழிகிற மாதிரி வேர்வை, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். இரண்டு மாதம் டைபாய்டு மாத்திரை சாப்பிட்டார். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனையில் புருசெல்லா, அதாவது மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி, என்று தெரிந்தது. ஆறு வாரம் மருந்து. அந்த மாடு முந்தின ஈத்தில் கன்று வீசியிருந்தது (சினை கலைந்து குறைமாதத்தில் விழுந்தது), மற்றபடி பளபளவென்று இருக்கும். மடியைக் கழுவினால் போதும் என்று நினைத்திருந்தோம். கிருமி பாலுக்குள்ளேயே வரும்.

காய்ச்சினால் சில வைட்டமின் கொஞ்சம் குறையும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் எங்கேயும் போகாது. கிடேரிக் கன்று இருந்தால் 4 முதல் 8 மாதத்துக்குள் இந்தக் கிருமியால் வருகிற கன்றுவீச்சுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கேட்டவர்

கிடேரிக்கு ஐந்து மாதம் ஆகிறது. திங்கட்கிழமை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன். அந்தத் தம்பி இன்று காலை வந்தார். உங்கள் அப்பா கதையைச் சொன்னேன். தூக்குவாளியில் ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு, தொழுவத்தில் குடிக்காமல் வீட்டுக்குப் போனார்.