எல்டர்ஃப்ளவரும் வெள்ளை ஒயினும் சேர்த்த ஜின் மார்ட்டினி: அளவும் பக்குவமும் குறித்து ஓர் ஐயம்

கானாடுகாத்தான் வளவு:

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்குச் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் பங்காளிகள் அனைவரும் பெரிய வீட்டில் கூடுவது வழக்கம். பூசையும் பந்தியும் நிறைவடைந்து பெரியவர்கள் ஊர் திரும்பிய பின்னர், எங்கள் தலைமுறையினர் எட்டுப் பேர் மட்டும் ஒரு மாலையில் தோட்டத்து வீட்டில் அமர்ந்து பேசுவோம். இலண்டனிலிருந்து வரும் என் கொழுந்தனார், அங்கே தாம் விரும்பி அருந்தும் ஒரு மார்ட்டினியை இம்முறை எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமென்று விரும்புகிறார். ஜின் மார்ட்டினியில் வெர்மூத் என்னும் மூலிகை ஒயினை ஊற்றும் இடத்தில் வெள்ளை ஒயினும், எல்டர்ஃப்ளவர் என்னும் ஐரோப்பியப் பூவின் மணமேற்றிய லிக்கர் என்ற இனிப்பு மதுவும் சேர்ப்பார்களாம். செயின்ட் ஜெர்மைன் என்னும் பெயரில் வரும் அந்த லிக்கர் புட்டி ஒன்றை அவரே கொண்டு வருகிறார். அளவு மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் எவருக்கும் தித்திப்பான மது பிடிப்பதில்லை என்பதால், பூவின் மணம் இருக்க வேண்டும், சர்பத்தாகிவிடக் கூடாது என்பதே என் கவலை. மூன்றையும் எந்த அளவில் சேர்ப்பது, எத்தகைய ஒயினை வாங்குவது என்பதை அறிய விரும்புகிறேன். அந்தப் பூ இங்கே கிடைக்காததால், மல்லிகையைக் கொண்டு அதே மணத்தை வருவிக்க இயலுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். எங்கள் அப்பச்சி காலத்துப் பழைய வெட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள் சில காலுடன் இருக்கின்றன. அவற்றில் பரிமாறலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

பள்ளத்தூர்க்காரர்:

வணக்கம் ஆச்சி. ஓட்டல்களின் மதுக்கூடங்களில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், இதில் எது நீங்குகிறது, எது வந்து சேருகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். உலகெங்கும் மதுக்கலைஞர்கள் அடிப்படையாகக் கொள்ளும் உலர் மார்ட்டினியின் அளவு 60 மில்லி ஜின், 10 மில்லி உலர் வெர்மூத் என்பதாகும். வெர்மூத்தும் ஒயின்தான்; ஆனால் அதில் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த கசப்பு மூலிகையையும் வேறு பல மூலிகைகளையும் ஊறவைத்து, சாராயம் சேர்த்து வலுவேற்றி, மதுவின் வலுவை ஏறத்தாழ 16 முதல் 18 விழுக்காடு வரை கொண்டு வந்திருப்பார்கள். அதை நீக்கிவிட்டு 12 அல்லது 13 விழுக்காடு உள்ள சாதாரண வெள்ளை ஒயினை ஊற்றும்போது கசப்பும் மூலிகையும் போய்விடுகின்றன. புளிப்பும் நீரும் கூடுகின்றன. எல்டர்ஃப்ளவர் லிக்கரோ 20 விழுக்காடு வலுவும் நல்ல இனிப்பும் உடையது. ஆகவே ஒயினின் புளிப்பும் லிக்கரின் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமாறு அமைப்பதே இந்தக் கலவையில் உள்ள வேலை முழுவதும்.

நான் சொல்லும் அளவு 60 மில்லி ஜின், 20 மில்லி ஒயின், 10 மில்லி எல்டர்ஃப்ளவர் லிக்கர். அயல்நாட்டுக் குறிப்புகள் சிலவற்றில் லிக்கரை 15, 20 மில்லி என்று கூட்டியிருப்பதைக் காணலாம். அந்த அளவு நம் ஊருக்கு ஒவ்வாது என்று உறுதியாகச் சொல்வேன். குளிர்ச்சி மிகும்போது நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். இனிப்பு உணர்வைக் கடத்தும் டிஆர்பிஎம்5 என்னும் புரதம் வெப்பம் ஏறஏறத்தான் வலுவாக இயங்குகிறது. எனவே கிண்ணத்தில் ஊற்றியவுடன் பருகும் முதல் மிடறு சரியாகத் தோன்றினாலும், தோட்டத்துக் காற்றில் கால் மணி நேரம் பேச்சுக்கு நடுவே இருந்த பிறகு அருந்தும் கடைசி மிடறு தித்திப்பாகிவிடும். தை மாத மாலையிலும் செட்டிநாட்டு வெப்பம் இலண்டன் வெப்பம் அன்று. ஆகையால் இனிப்பைக் கடைசி மிடற்றைக் கருதியே அளக்க வேண்டும். முதல் மிடற்றில் பூவின் மணம் சற்றே அடங்கியிருப்பதுபோல் தோன்றினால், அளவு சரியாக இருக்கிறது என்றே கொள்ளலாம்.

கிண்ணம் சிறிதாக இருப்பதும் இதே காரணத்தால் நல்லது. ஒரே தடவையில் நிறைய ஊற்றி வைப்பதைவிட, பாதி ஊற்றி, மீதியைப் பனிக்கட்டிக்குள் புதைத்த குப்பியில் வைத்திருந்து, பின்னர் ஊற்றிக்கொள்ளலாம்.

ஒயினைப் பொறுத்தவரை, இனிப்பற்ற சோவினியான் பிளாங் போதுமானது. நாசிக் பகுதியில் விளைவதே போதும், விலை உயர்ந்த அயல்நாட்டுப் புட்டி தேவையில்லை. நம் நாட்டுச் செனின் பிளாங் பெரும்பாலும் இலேசான இனிப்பை விட்டு வைத்தே புட்டியில் அடைக்கப்படுவதால், லிக்கரின் இனிப்போடு அதுவும் சேர்ந்துவிடும். மரப்பீப்பாயில் வைத்துப் பழக்கிய ஷார்டனேயை அறவே தவிர்க்க வேண்டும். அதன் வெனிலா மணம் பூவை மூடிவிடும். ஜின் எதுவாயினும் இலண்டன் ட்ரை வகையாக இருக்கட்டும். அந்த வகையில் இனிப்புச் சேர்க்க இடமில்லை, ஜூனிபர் காயின் மணமும் தெளிவாக நிற்கும். வண்ணமும் பழச்சுவையும் ஏற்றிய ஜின்கள் இதற்கு ஆகா.

குலுக்க வேண்டாம், பெரிய பனிக்கட்டிகளை இட்டு, நீண்ட கரண்டியால் சீராகச் சுழற்றிக் கலக்க வேண்டும். வழக்கமான மார்ட்டினியை அரை நிமிடத்துக்கு மேலும் கலக்குவார்கள். இதில் ஒயினாலேயே நீர் கூடியிருப்பதால், இருபது விநாடி அளவில் நிறுத்தி வடித்துவிடுவது நல்லது. இழந்த கசப்பை ஓரளவு ஈடு செய்வதற்குத் தோல் வேண்டும். நம் எலுமிச்சையின் தோல் மெல்லியது, எண்ணெய் சிறிதே தரும். நார்த்தங்காயின் மேல்தோலை மட்டும், வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவி, கிண்ணத்தின் மேலே வைத்து ஒரு முறை முறுக்கிப் பிழிந்தால் அந்த மணம் எல்டர்ஃப்ளவரோடு மிக அழகாக இணங்குகிறது. இது என் சொந்த விருப்பம். வெளிநாடுகளில் இதற்கு மஞ்சள் நிறப் பெரிய எலுமிச்சையைத்தான் பயன்படுத்துவார்கள்.

தேவகோட்டை வாசகர்:

மேலே அண்ணன் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஜின்னின் அளவில் மட்டும் மாறுபடுகிறேன். நம் நாட்டில் விற்கப்படும் ஜின் பெரும்பாலும் 42.8 விழுக்காடு வலுவுடையது. அவர் சொன்ன அளவில் ஒரு கிண்ணத்தில் மட்டும் ஏறத்தாழ 30 மில்லி, அதாவது 24 கிராம் அளவுக்குச் சுத்தச் சாராயம் இருக்கும். 10 கிராமை ஓர் அளவென்று கணக்கிடும் முறைப்படி இரண்டு அளவுக்கும் கூடுதலாகும். பூ மணமும் ஒயினும் அந்த வலுவை மறைத்துவிடுவதால், அருந்துகிறவர் அதை உணராமலேயே அடுத்த கிண்ணத்தைக் கேட்பார். ஆகவே 45 மில்லி ஜின், 30 மில்லி ஒயின், 10 மில்லி லிக்கர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒயினின் தன்மையும் அப்போதுதான் நாக்கில் தெரியும்; இல்லையென்றால் ஒயினைச் சேர்ப்பதில் பொருளே இல்லை.

பனிக்கட்டிக்கு எந்த நீரை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கலக்கும்போது பானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அந்த நீரே சேருகிறது. உப்பு நீரிலோ, குளோரின் வாடை உள்ள நீரிலோ உறைய வைத்த கட்டியை இட்டால் இத்தகைய மெல்லிய மணமுள்ள பானத்தில் அது உடனே வெளிப்பட்டுவிடும். காரைக்குடிச் சம்பை ஊற்று நீரைக் கொண்டுவரச் சொல்லி, கொதிக்கவைத்து ஆற்றிய பின் உறைய வைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. மீன், கறி வைத்திருக்கும் ஃப்ரீசரில் மூடாமல் வைத்தால் பனிக்கட்டி அந்த வாடையை ஏற்றுக்கொள்ளும் என்பதையும் நினைவில் கொள்க.

பள்ளத்தூர்க்காரர்:

தம்பி சொல்வது நியாயம். அந்த அளவில் செய்தால் ஒயின் புதிதாகத் திறந்ததாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். வெர்மூத் குளிர்பெட்டியில் சில வாரங்கள் தாங்கும். ஒயின் திறந்து இரண்டு மூன்று நாட்களிலேயே காற்றுப்பட்டு மணமிழந்துவிடும்.

சிறுகூடற்பட்டி மருமகள்:

வணக்கம் ஆச்சி. மல்லிகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மணப்பொருள்கள் தொடர்பான பணியில் இருப்பதால் இதற்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

எல்டர்ஃப்ளவர் என்பது ஐரோப்பாவில் மே இறுதியிலும் ஜூனிலும் பூக்கும் சம்புக்கஸ் நைக்ரா என்ற குறுமரத்தின் வெண்ணிறப் பூங்கொத்து. மல்லிகையும் வெள்ளைப் பூ என்பதால் இரண்டும் ஒரே மணம் தரும் என்று கருத இடமில்லை. நம் மல்லிகையில் பென்சைல் அசிட்டேட், இண்டோல் ஆகிய வேதிப்பொருள்கள் மணத்தை ஆள்கின்றன. இண்டோல்தான் மல்லிகைக்கு அந்தக் கனத்தையும் இரவில் அறையை நிறைக்கும் ஆற்றலையும் தருகிறது. எல்டர்ஃப்ளவரோ பேரிக்காயும் லிச்சியும் கலந்தாற்போன்ற, பச்சை வாடை கொண்ட இலேசான மணமுடையது. லினலூல் போன்ற ஒன்றிரண்டு பொருள்கள் இரண்டிலும் பொதுவாக இருப்பினும், ஒன்று மற்றொன்றாகாது. மேலும் சந்தையில் முழம் போட்டு விற்கும் மல்லிகை, தலையில் சூடுவதற்காகவும் சாமிக்குச் சாற்றுவதற்காகவும் பூச்சிமருந்து அடித்து வளர்க்கப்பட்டது. அதைச் சாராயத்தில் ஊறவைத்துக் குடிப்பதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன்.

நம் பக்கத்தில் இந்த மணத்துக்கு நெருங்கிய உறவு உடையது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. அது மஸ்கட் ஹம்பர்க் என்ற இனம். 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. லினலூல், ஜெரானியால், ரோஸ் ஆக்சைடு என்று மஸ்கட் திராட்சைக்கு மணம் தருபவற்றில் பல எல்டர்ஃப்ளவரிலும் உள்ளன. ஆண்டில் ஏறத்தாழ எல்லா மாதங்களிலும் வருவதால் பொங்கலுக்கும் கிடைக்கும். பழத்தின் நிறம் முழுவதும் தோலில்தான் இருக்கிறது. ஆகவே தோலை உரித்து, கொட்டையை நீக்கி, சதையை மட்டும் ஒரு தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறைய வைத்து, கிண்ணத்துக்கு ஒன்று வீதம் இட்டால், பானத்தின் தெளிவு கெடாமல் பூவின் மணத்தை அது எடுத்துக்காட்டும். லிக்கருக்கு மாற்றாக அல்ல, துணையாகவே இதைச் சொல்கிறேன்.

லிக்கர் கிடைக்காதவர்கள் எல்டர்ஃப்ளவர் சிரப்பை வாங்கலாம். அதில் மது இல்லை, சர்க்கரை மிக அதிகம், பெரும்பாலும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்திருக்கும். எனவே 5 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் அதே சிரப்பைக் குளிர்ந்த சோடாவில் கலந்து, நார்த்தந்தோல் பிழிந்து கொடுக்கலாம்.

கிண்ணங்களைப் பற்றியும் ஒரு சொல். பழைய வெட்டுக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஊற்றியவுடன் அருந்திவிடுவதில் அஞ்சத்தக்கது இல்லை. ஆனால் மதுவையோ புளிப்பான எதையுமோ அதில் நெடுநேரம் ஊற்றி வைத்திருத்தல் கூடாது. ஃப்ரீசரில் வைத்தால் விரிசல் விடும் என்பதால், பனிக்கட்டியும் நீரும் ஊற்றிக் குளிரவைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கானாடுகாத்தான் வளவு:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மல்லிகை எண்ணத்தை விட்டுவிட்டேன்; பன்னீர் திராட்சைக்குச் சொல்லி வைக்கிறேன். பள்ளத்தூர் அண்ணனுக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. எட்டுப் பேருக்கு ஒவ்வொன்றாகக் கலக்கிக்கொண்டிருந்தால் நான் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. காலையிலேயே மொத்தமாகக் கலந்து ஃப்ரீசரில் வைத்துவிடலாமா? உடன் கடித்துக்கொள்ள எதை வைப்பது?

பள்ளத்தூர்க்காரர்:

வைக்கலாம் ஆச்சி, ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கலந்து வைக்க வேண்டாம். ஒயினும் நீரும் சேர்ந்துவிட்டால் வலு 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, வீட்டு ஃப்ரீசரின் கழித்தல் 18 பாகைக் குளிரில் பானம் குழம்பாக உறையத் தொடங்கிவிடும். ஜின்னையும் லிக்கரையும் மட்டும் சேர்த்தால் ஏறத்தாழ 39 விழுக்காடு வலு இருக்கும். அது உறையாமல், எண்ணெய்போல் தடித்துக் குளிர்ந்து நிற்கும். தேவகோட்டைத் தம்பியின் அளவில் செய்வதானால் எட்டுப் பேருக்கு 360 மில்லி ஜின்னும் 80 மில்லி லிக்கரும் ஒரு புட்டியில் கலந்து முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஒயினையும், கொதித்து ஆறிய சம்பை ஊற்று நீரையும் குளிர்பெட்டியில் தனியாக வையுங்கள். பரிமாறும்போது ஒவ்வொருவருக்கும் புட்டியிலிருந்து 55 மில்லி, ஒயின் 30 மில்லி, நீர் 15 மில்லி என்று ஊற்றி ஒரு சுற்றுச் சுழற்றினால் போதும். கட்டியிட்டுக் கலக்கும் வேலையே இல்லை. ஒயின் புட்டியை அப்போதுதான் திறக்க வேண்டும். நார்த்தந்தோலை மட்டும் முன்கூட்டியே சீவி வைக்காதீர்கள், எண்ணெய் காய்ந்துவிடும்.

உடன் வைப்பதற்கு மிளகுச் சுக்காவும் நெத்திலி வறுவலும் வேண்டாம். காரம் மதுவின் எரிச்சலைக் கூட்டும். பூவின் மணமும் மசாலாவுக்கு முன் நிற்காது. உப்பு அளவாகப் போட்ட தேன்குழலும் சீப்புச் சீடையும், நெய்யில் வறுத்த முந்திரியும் வைத்தால் இந்தப் பானத்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும். சுக்காவை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.