ஒரு சனிக்கிழமை, மூன்று மணி நேரம், அறுபது பிள்ளைகள்: என்ன செய்யலாம்?

அரைகுறை இன்ஜினியர்:
எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு நாள் தன்னார்வப் பணிக்கு அனுப்புவார்கள். போன தடவை ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு இருபது பேர் ஒரே நிற டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனோம். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி எரிமலை பொங்க வைத்தோம். ஒரே கைதட்டல். ஏழாவது படிக்கும் ஒரு பெண் மட்டும் கிட்டே வந்து, "அண்ணா, நிஜ எரிமலைக்குள்ளேயும் சோடாதான் இருக்குமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இந்த வருஷம் பொறுப்பு என் தலையில். வருகிறவர்களில் பாதிப்பேர் பள்ளியோடு இயற்பியலைக் கைகழுவியவர்கள். மேனேஜர் டெலஸ்கோப் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும் என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் தூள்:
பதினெட்டு வருஷமாக அறிவியல் ஆசிரியை. முதலில் அந்தப் பெண்ணுக்குப் பதில்: சமையல் சோடா இல்லை, ஆனால் சோடா பாட்டில் என்றால் பாதி சரி. உருகிய பாறையில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும், வாயு குமிழ்விட்டுப் பிரியும், குழம்பையும் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். மறுபடி போனால் அவளைத் தேடிப்பிடித்துச் சொல்லுங்கள்.

டெலஸ்கோப் வேண்டாம். பட்டப்பகலில் எந்த நட்சத்திரத்தைக் காட்டப் போகிறீர்கள்? எங்களுக்கு நன்கொடையாக வந்த நுண்ணோக்கி பீரோவுக்குள் தூங்குகிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அதற்கு ஃபோல்ட்ஸ்கோப் எவ்வளவோ தேவலை. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கி அது, 2014ல் ஆய்வுக்கட்டுரையாக வந்தது. பிள்ளைகளே மடித்துச் செய்யலாம். 140 மடங்கு பெரிதாகக் காட்டும், வெங்காயத் தோலில் செல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

கம்பிச்சுருள்:
நான் மோட்டார் கட்சி. ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், எனாமல் (மின்சாரத்தைக் கடத்தாத மேல்பூச்சு) பூசிய தாமிரக் கம்பி. கம்பியைச் சுருளாகச் சுற்றி, இரு முனையையும் ஊக்குகளின் துளையில் மாட்டினால் சுற்ற வேண்டும்.

ஒரு தடவை நேரம் மிச்சமாகட்டும் என்று எங்கள் ஆட்களே முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எல்லாக் கம்பிகளையும் உப்புத்தாளால் தேய்த்து வைத்துவிட்டார்கள். இரண்டு முனையிலும் எனாமலை முழுசாக எடுத்துவிட்டார்கள். மறுநாள் ஒரு சுருளும் சுற்றவில்லை. துடிக்கும், ஆடும், நின்றுவிடும். எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு பையன்தான் சொன்னான்: "சார், பாதி தூரம் தள்ளுது, அப்புறம் திருப்பி இழுக்குது." விஷயமே அதுதான். ஒரு முனையில் பாதிப்பக்கம் எனாமல் இருந்தால், பின்னுக்கு இழுக்கும் அரைச்சுற்றில் மின்சாரம் நின்றுவிடும், சுருள் வந்த வேகத்திலேயே தாண்டிவிடும். புதுக் கம்பி வெட்டிக் கொடுத்தோம், அவர்களே தேய்த்தார்கள். அன்றைக்கு உருப்படியாக நடந்தது அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான்.

இரண்டாம் பெஞ்ச்:
குறுக்கே பேசுகிறேன். ஒரு நாள் போய்வந்து என்ன ஆகிவிடும்? மின்சார ஆராய்ச்சிக்குப் பேர்போன விஞ்ஞானி ஃபாரடேயைச் சொல்வார்கள்: கொல்லன் மகன், 1812ல் யாரோ கொடுத்த டிக்கெட்டில் வேதியியல் அறிஞர் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார், வாழ்க்கையே மாறியது என்று. அதற்கு முன் ஏழு வருஷம் புத்தகம் பைண்ட் செய்யும் கடையில் வேலை பார்த்தபடி, கைக்கு வந்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தவர் அவர். அதை விட்டுவிடுவார்கள். இருபது பேர் ஒரே நாளில் போவதற்குப் பதில் மாசம் நாலு பேராகப் பிரிந்து போங்களேன்.

அரைகுறை இன்ஜினியர்:
டெலஸ்கோப் இல்லை என்று சொல்லியாகிவிட்டது, மேனேஜர் முகம் சரியில்லை. மாசம் நாலு பேர் என்பதற்கு இதுவரை ஏழு பேர் கை தூக்கியிருக்கிறார்கள். நேற்று ராத்திரி மோட்டாரைச் செய்துபார்த்தேன், எனக்கும் துடிக்கிறதே தவிர சுற்றவில்லை. பாதி என்றால் எந்தப் பாதி?

கம்பிச்சுருள்:
சுருளை மேஜை விளிம்பில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, முனைக்கம்பியை மேஜைமேல் படுக்க வையுங்கள். மேல்பக்கம் மட்டும் தேயுங்கள், கம்பியை உருட்டாதீர்கள். மற்ற முனை முழுசாக. அப்புறம் விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், தானாகக் கிளம்பாது.