மந்தமான காலத்தில் திறந்தவெளி ஓவியக் கண்காட்சி: நின்றவர்களும் வாங்கியவர்களும்

நீர்வண்ண ஓவியர் எழுதுவது:

தொழில் மந்தமாக இருக்கும் இந்நாட்களில் திறந்தவெளிக் கண்காட்சிகளில் அரங்கு எடுக்கும் நண்பர்கள் தாங்கள் சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதினால் புதியவர்களுக்கு உதவும் என்று தோன்றியதால், நானே தொடங்குகிறேன். 2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்கு அடுத்த ஆண்டில்தான் முதன்முதலாக அரங்கு எடுத்தேன் என்பதால், கூட்டம் வந்தும் விற்பனை வராத நாள் எனக்குப் புதிதன்று.

சென்ற பருவத்தில் இரண்டு நாள் கண்காட்சி ஒன்றில் முதல் நாள் நண்பகல் வரை ஒரு படம்கூட விற்கவில்லை. வந்தவர்களுக்குக் குறைவில்லை, செலவில்லாமல் பொழுதைக் கழிக்க இடம் தேடுவோர் கூடிவிட்டதாலோ என்னவோ, நல்ல காலத்தைவிடக் கூட்டம் அதிகமாகவே இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டும் விதத்தைக் கொண்டே ஒருவருக்கு வாங்கும் எண்ணம் உண்டா என்று ஓரளவு கணித்துவிடலாம். 'அருமையாக இருக்கிறது' என்பவர் நகர்ந்துவிடுவார். 'சட்டத்தோடு சேர்த்து இதன் அகலம் எவ்வளவு' என்று கேட்பவர் மனத்துக்குள் தம் வீட்டுச் சுவரை அளந்துகொண்டிருக்கிறார்.

அன்று அளந்தவர் ஒருவர்தான். ஒரு மணியளவில் ஓர் அம்மையார் நெடுநேரம் நின்று, போய், மீண்டும் வந்து, நடுத்தர அளவிலான படம் ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கிச் சென்றார். அதன்பின் மீண்டும் வெறுமை. பதற்றத்தில் மூன்று மணிக்கு எல்லா விலைச்சீட்டுகளையும் எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு குறைத்து எழுதி ஒட்டினேன். சற்று நேரத்தில் அதே அம்மையார், தாம் வாங்கிய படத்தின் அருகில் இருந்த மற்றப் படங்களைக் கணவருக்குக் காட்டுவதற்காக அவரை அழைத்துக்கொண்டு வந்தார். புதிய சீட்டுகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானே முன்வந்து மிகுதித் தொகையைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். ஆனால் பொதியைப் பிரித்துப் படத்தை மறுபடியும் பார்த்த அவரது பார்வையில், முன்பு இல்லாத ஓர் ஐயம் இருந்தது. அந்தப் பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

விலையைக் குறைத்ததால் அன்று கூடுதலாக ஒன்றும் விற்கவில்லை. தயங்குபவரின் தயக்கம் என் விலையைப் பற்றியது மட்டுமன்று, அவருடைய அடுத்த மாத வருமானத்தைப் பற்றியது. அதற்கு என் சீட்டில் மருந்து கிடையாது. இப்போது விலையைத் தொடுவதில்லை. மாறாக, அஞ்சலட்டை அளவிலான மூல ஓவியங்களைத் தனியாக வரைந்து, சட்டமிடாமல், மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) மட்டும் வைத்து ஒரு பெட்டியில் அடுக்கி முன்வரிசையில் வைக்கிறேன். கையால் புரட்டிப் பார்க்கும் பொருளின் அருகில் மனிதர்கள் கூடுதல் நேரம் நிற்கிறார்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கூடாரத்துணி வெள்ளையாகவே இருக்கட்டும். நீலத்துணிக்கு அடியில் என் மஞ்சள்கள் எல்லாம் நோயாளியின் முகம் போல இருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கண்காட்சிகள் பிடித்தன.

லினோ அச்சுக் கலைஞர் எழுதுவது:

என் சிக்கல் வேறு. 'அச்சு' என்றவுடன் கணினியில் எடுத்த நகல் என்று எண்ணிக்கொண்டு, 'காகிதத்துக்கு இவ்வளவா' என்று கேட்பவர்களே மிகுதி. லினோ என்பது லினோலியம் என்ற மென்மையான பொருள், அதில் கையால் செதுக்கி, மை பூசி அச்சிடுகிறேன். ஆகவே செதுக்கிய லினோ பலகை ஒன்றை மேசையிலேயே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வண்ணத்தை அச்சிட்ட பிறகும் அதே பலகையை மேலும் செதுக்கிக்கொண்டே போவதால், கடைசி வண்ணம் முடியும்போது முந்தைய நிலைகள் அழிந்துவிடுகின்றன. 40 பிரதிகள் என்று எழுதினால், நானே நினைத்தாலும் 41-ஆவது கிடையாது.

ஒருமுறை மாணவர் போன்ற இளைஞர் ஒருவர், 3/40 என்ற பிரதிக்கும் 38/40 என்ற பிரதிக்கும் தரத்தில் வேறுபாடு உண்டா என்று கேட்டார். உலோகத்தகட்டில் கூரிய ஊசியால் கீறி அச்சிடும் உலர்முனைச் செதுக்கலில் கீறிய கோடுகளின் ஓரப் பிசிறுகள் அச்சிட அச்சிடத் தேய்வதால் முதற்பிரதிகள் செறிவாக இருக்கும் என்பதையும், இத்தனை சிறிய பதிப்பில் லினோவில் அப்படிப் பார்க்கத் தேவையில்லை என்பதையும் அரைமணி நேரம் அவருக்கு விளக்கினேன். நன்றி சொல்லிவிட்டு, பணமில்லை என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த முதியவர், தாம் ஒரு கேள்வியும் கேட்காமல், 38-ஆம் பிரதியை எடுத்துக்கொண்டு பணத்தை நீட்டினார்.

எண்ணெய் வண்ண ஓவியர் எழுதுவது:

நண்பர்கள் மனிதர்களைப் பற்றி அழகாக எழுதுகிறார்கள். நான் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரங்குக் கட்டணம், கண்காட்சிக்கு ஓவியர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே கட்டும் கட்டணம், பயணம், தங்குமிடம், உடையும் கண்ணாடி ஆகியவற்றோடு, வரையாமல் கழித்த நாட்களையும் எழுதிப் பார்த்தபோது, நான் சென்றுவந்த ஏழு கண்காட்சிகளில் நான்கு எனக்கு இழப்பையே தந்திருந்தன. ஆண்டுக்கு மூன்றாகக் குறைத்துவிட்டேன். எல்லாக் கண்காட்சியிலும் முகம் காட்டினால்தான் பெயர் நிலைக்கும் என்பதை நான் ஏற்கவில்லை.

காற்றும் கணக்கில் சேரும். 10 அடிக்கு 10 அடி கூடாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 18 கிலோ எடை கட்ட வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். நான் தண்ணீர்க் குடுவைகளைக் கட்டி ஏமாற்றப் பார்த்தேன். பக்கத்து அரங்குக்காரர் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் போயிருந்தால் இரண்டு படங்கள் போயிருக்கும். அன்று அவருக்கும் விற்பனை இல்லை. கால்களைப் பிடித்தபடியே இருவரும் நெடுநேரம் பேசினோம்.

தவணை முறையைப் பற்றி: நால்வருக்குக் கொடுத்தேன், மூவர் முழுவதும் கட்டினார்கள், நான்காமவர் இரண்டாம் தவணையோடு மறைந்தார். இப்போது கடைசித் தவணைக்குப் பிறகே படத்தைக் கொடுக்கிறேன். இது யாருக்கும் வருத்தமாகத் தெரியவில்லை.

மீண்டும் நீர்வண்ண ஓவியர்:

இழப்புக் கணக்கை நானும் மறுக்கவில்லை. ஆனால் மந்தமான ஆண்டுகளில் என்னிடம் வாங்கியோரில் பாதிக்கு மேல் முன்பே வாங்கியவர்கள் என்பது என் குறிப்பேட்டைப் பார்த்தால் தெரிகிறது. அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சென்ற கண்காட்சியின் இரண்டாம் நாள் ஒருவர் பழைய படம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நான் விற்றது. அந்தி வானத்தின் சிவப்பு முழுவதும் வெளிறி, மண்நிறம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்நாளில் நான் பயன்படுத்திய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தைத் தாங்காத நிறமி. அது தெரியாமல் வெயிலடிக்கும் சாளரத்துக்கு எதிரே மாட்டலாம் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன் போலும். பணத்தைத் திருப்பித் தரும் நிலையில் நான் இல்லை, அவரும் கேட்கவில்லை. அதே காட்சியை வெளிச்சம் தாங்கும் குவினாக்ரிடோன் சிவப்பில் மீண்டும் வரைந்து தருவதாகச் சொல்லி, பழையதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் புதிய படத்தைக் கொடுத்தபோது நெடுநேரம் பார்த்துவிட்டு, வெளிறிய படத்தை நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டார். கிழித்துவிடுவேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லி, இரண்டையும் அதே துணியில் சுற்றி எடுத்துச் சென்றார்.